செகோட்டோ கட்டுரையும் நான் திருத்திக்கொண்ட கருத்தும்

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கும் என் சித்தி மகள், தென்னாப்பிரிக்க ஓவியர் ஜெரார்ட் செகோட்டோ பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்காக ஒரு வரைவு எழுதி அனுப்பினாள். படித்துவிட்டு, "நடுநிலை இல்லை, சான்று போதாது" என்று இரண்டே வரி எழுதினேன். ஒரு வாரம் பதிலே இல்லை. கேட்டால், "எதை மாத்தணும்னே தெரியலக்கா, விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். தப்பு என்னுடையதுதான்.

சரி என்று மறுபடி உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். தொடக்கத்திலேயே "ஈடு இணையற்ற மாபெரும் ஓவியர்" என்று இருந்தது. அதை எடு என்பதோடு நிறுத்தாமல், அங்கே என்ன வரலாம் என்றும் எழுதினேன்: 1940இல் ஜோகன்னஸ்பர்க் ஓவியக்கூடம் அவருடைய சோஃபியாடவுன் மஞ்சள் வீடுகள் ஓவியத்தை வாங்கியது, ஒரு கறுப்பின ஓவியரின் படம் அந்தத் தொகுப்பில் சேர்ந்தது அதுவே முதல் முறை. இதைச் சொன்னால் 'மாபெரும்' தேவையே இல்லை.

அடுத்து, "நிறவெறி ஆட்சி அவரை நாடு கடத்தியது" என்ற வரி. அவர் தாமாகவே பாரிசுக்குக் கிளம்பியது 1947இல். அந்த ஆட்சி வந்தது 1948இல். நிற ஒடுக்குமுறை அதற்கு முன்பும் இருந்ததுதான், அதைத் தனியாக எழுதச் சொன்னேன்.

அப்புறம், 1913இல் பிறப்பு, உடனே பாரிஸ் என்று தாவியிருந்தாள். நடுவில் அவர் வாழ்ந்த இடங்களான ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுன், கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், பிரிட்டோரியாவின் ஈஸ்ட்வுட் எல்லாமே விடுபட்டிருந்தன. அவருடைய சிறந்த படங்கள் அந்தத் தெருக்களில் பிறந்தவை என்பது என் எண்ணம்.

அன்று இரவே பதில் வந்தது: "இப்பப் புரியுதுக்கா. ஈஸ்ட்வுட்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்."