அண்டார்டிகாவில் ஆய்வு நிலையம்: பனியைத் தரை என்று நம்பாதீர்கள்

அண்டார்டிகாவில் இந்தியாவின் முதல் நிலையம் தட்சிண கங்கோத்ரி. 1983-84 கோடையில், கடலில் மிதக்கும் பனித்தட்டின் மேல் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே பனி மூடி, 1990-இல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

அங்கே விழும் பனி உருகுவதே அரிது. அதோடு காற்று வேறு. பனித்தூளை அள்ளிக்கொண்டு வரும் காற்று, சுவரில் மோதி மறுபக்கம் வேகம் குறைந்ததும் அத்தனையையும் அங்கேயே கொட்டிவிடும். முதலில் வாசல் மறையும், அப்புறம் சன்னல், கடைசியில் கூரை. கட்டடத்தைத் தரையோடு ஒட்டிக் கட்டுவதுதான் இங்கே முதல் தவறு. கால்கள் வைத்துத் தூக்கிக் கட்டினால் காற்று அடியில் புகுந்து பனியைத் துடைத்துக்கொண்டு போய்விடும்.

பிரிட்டனின் ஹாலி நிலையம் இதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. 1956-இல் தொடங்கியது, முதல் நான்கு கட்டடங்களையும் பனி விழுங்கிவிட்டது. ஓசோன் ஓட்டையை 1985-இல் உலகத்துக்குச் சொன்ன அளவீடுகள் எடுக்கப்பட்ட இடம் இது. விட்டுவிட்டுப் போக மனம் வருமா? ஐந்தாவதைக் கால்கள் மேல் நிறுத்தினார்கள். ஆறாவதின் கால்களுக்கு அடியில் பனிச்சறுக்குப் பலகைகளையும் பொருத்தினார்கள். பனித்தட்டில் விரிசல் நெருங்கியபோது, 2016-17 கோடையில் நிலையத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, டிராக்டர்களால் 23 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனார்கள். 2023 ஜனவரியில் அந்தப் பனித்தட்டிலிருந்து ஒரு பெரும் துண்டு உடைந்து கடலுக்குள் போனது, நிலையம் தப்பியது.

பாறை கிடைத்தால் பாறைதான் நல்லது. இந்தியாவும் அதைத்தான் செய்தது: அடுத்த நிலையமான மைத்ரி, ஷிர்மாக்கர் பாறைப்பகுதியில், தண்ணீருக்கு ஏரி பக்கத்திலேயே. 2012-இல் வந்த பாரதி நிலையமும் பாறை மேல்தான். அதை 134 கண்டெய்னர்களை வைத்து உருவாக்கினார்கள். கோடை சில மாதங்களே. எல்லாவற்றையும் அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று கிளம்பினால் வேலை முடியாது. குப்பையும் அப்படித்தான்: அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1991 மாட்ரிட் நெறிமுறைக்குப் பிறகு, கொண்டுபோனதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது தீ. பனிக்கண்டத்தில் தீயா என்று தோன்றும். காற்று வறண்டது, அணைக்கத் தண்ணீர் இல்லை, ஓடிப்போக இடமில்லை. 2012-இல் பிரேசில் நிலையத்தின் ஜெனரேட்டர் அறையில் பிடித்த தீ இருவரைப் பலிகொண்டது. ஜெனரேட்டரை ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். எட்டத்தில் தனிக் குடில் ஒன்று, அதில் உணவு, உடை, ரேடியோ, சிறு ஜெனரேட்டர் என்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். சோவியத்தின் வோஸ்டாக் நிலையத்தில் 1982 ஏப்ரலில் மின்நிலையம் எரிந்து ஒருவர் இறந்தார். குளிர்காலம் தொடங்கிவிட்டதால் விமானம் வர வழியில்லை. மீதியிருந்த 20 பேரும் கையில் கிடைத்ததை வைத்து அடுப்பு செய்து, மாதக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.