டெஸ்டர் எரியுது, சிம்னி ஓடல

கோயம்புத்தூர் கணபதியில் முப்பது வருடம் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். சமையல்கட்டுச் சிம்னிக்குள் இருப்பதும் ஒரு மோட்டார்தானே என்று, சொந்தத்தில் யார் வீட்டில் அது நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். போன மாதம் கோபியிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாயை எண்ணெய்ல போட்டேனுங்க. சிம்னி ஓடவே இல்லீங்க, ஊடே கமறுது." சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் நேரில் பார்க்காமலேயே, "சிம்னிக்குள்ள சர்க்யூட் போர்டு போயிருக்கும், நாலாயிரம் ஆகும்" என்றாராம்.

"லைட் எரியுதா கண்ணு?" என்று கேட்டேன். எரியவில்லை. இதை முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. லைட் எரிந்து மோட்டார் மட்டும் ஓடாவிட்டால் கோளாறு மோட்டார் பக்கம். லைட், பட்டன், மோட்டார் எல்லாமே செத்துக் கிடந்தால் பெரும்பாலும் சிம்னிக்குள் கரண்டே போகவில்லை. அப்போது சிம்னியைக் கழற்றாதீர்கள், சுவரிலிருந்து ஆரம்பியுங்கள்.

மெயின் போர்டில் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானே விழும் ஸ்விட்ச்) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் முழுதாகக் கீழே தள்ளிவிட்டு மேலே ஏற்றுங்கள். சிம்னி ஸ்விட்சைப் போட்டதும் மறுபடி விழுந்தால் எங்கோ ஷார்ட், எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுவிடுங்கள். மும்முனை இணைப்பு உள்ள வீடு என்றால் மூன்று பேஸில் (கரண்ட் வரும் லைன்) ஒன்று மட்டும் போயிருக்கலாம். ஹாலில் ஃபேன் ஓடும், சமையல்கட்டில் மட்டும் எதுவும் ஓடாது.

அடுத்தது பிளக். சிம்னி பிளக் பாயின்ட் ஆளுயரத்துக்கு மேலே, குழாய் கவருக்குப் பின்னாலோ கப்போர்டுக்குள்ளோ ஒளிந்திருக்கும். மாட்டிய நாளுக்கு அப்புறம் யாரும் அதைப் பார்ப்பதில்லை. எண்ணெய் ஆவியும் சூடும் அங்கேதான் போய்ச் சேரும். அடுப்பை அணைத்து, அது ஆறியபிறகு ஸ்டூல் போட்டு ஏறுங்கள்.

என் மாப்பிள்ளை ஏற்கெனவே அங்கே டெஸ்டரை வைத்துப் பார்த்திருந்தார். "எரியுதுங்க மாமா, கரண்ட் இருக்குது" என்றார். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். டெஸ்டர் பேஸ் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் லைன் இருக்கிறதா என்று சொல்லாது. இரண்டும் இருந்தால்தான் சிம்னி ஓடும். அதனால் டெஸ்டரை மூடி வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியையோ டேபிள் ஃபேனையோ அந்தப் பாயின்டில் சொருகிப் பாருங்கள். போன் சார்ஜர் வேண்டாம். அது இழுக்கும் துளிக் கரண்டுக்கு லூஸ் கான்டாக்ட்கூடப் போதும்.

பொழுதோட கோபி போய்ச் சேர்ந்தேன். மெயினை நிறுத்திவிட்டுப் பிளக்கை இழுத்தேன். எர்த் பின்னும் பேஸ் பின்னும் பித்தளை நிறத்தில் பளிச்சென்று இருந்தன. நியூட்ரல் பின் மட்டும் சுட்ட கத்தரிக்காய் மாதிரி கருத்து, அதைச் சுற்றி பிளாஸ்டிக் உப்பியிருந்தது. கருவாட்டு வாடை வேறு. மகள் இரண்டு நாளாகப் பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்! சமையல்கட்டில் காரணமில்லாமல் கருவாடு மணத்தால் பிளக் பாயின்டைப் பாருங்கள்.

ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் சிம்னி எப்படிப் பின்னைக் கருக்கும்? விசாரித்தால், கேஸ் தீர்ந்த அன்று அதே 6 ஆம்பியர் பாயின்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிட்டு 2000 வாட் இன்டக்ஷன் அடுப்பை ஓட்டியிருக்கிறார்கள். அது 9 ஆம்பியருக்குப் பக்கம் வரும். சூட்டில் சாக்கெட்டுக்குள் இருக்கும் தகடு விறைப்பு இழந்து பின்னைக் கவ்வாமல் போய்விட்டது. சாக்கெட்டை மாற்றினால் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கருகிய பிளக் புதுச் சாக்கெட்டையும் கருக்கிவிடும்.

பாயின்டில் ஃபேன் ஓடுகிறது, சிம்னி ஓடவில்லை என்றால்தான் சிம்னி பக்கம் வர வேண்டும். ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிஷம் விட்டுப் போடுங்கள். டச் பேனல் சிக்கியிருந்தால் சரியாகிவிடும். பேனல் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் விரல் படுவது தெரியாது, ஈரத்துணியால் துடையுங்கள். அதற்கும் மேலே என்றால் சர்க்யூட் போர்டில் உள்ள கண்ணாடி ஃப்யூஸ், வயர் அறுந்த இடம், சில நேரம் போர்டில் ஒட்டிச் செத்த பல்லி. வாரன்டி இருந்தால் திறக்காதீர்கள். இல்லையென்றாலும் பிளக்கை உருவிவிட்டே திறங்கள். மோட்டார் கெப்பாசிட்டரில் கை வேண்டாம், அது கரண்டைத் தேக்கி வைத்திருக்கும், பிளக்கை உருவிய பிறகும் அடிக்கும். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் புதிது வாங்குங்கள். வயர் இழையைச் சுற்றி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் செய்துதான் போர்டை நிஜமாகவே எரிக்கிறார்கள்.

லைட் எரிந்து மோட்டார் மட்டும் "ம்ம்ம்" என்று உறுமினால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். நிறைய நேரம் ஓடிச் சூடாகித் தானே நின்றிருந்தால் அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

கோபியில் ஆன செலவு முந்நூறு ரூபாய்கூட இல்லை. இன்டக்ஷன் அடுப்புக்குத் தனியாக 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று போட்டுக்கொடுத்துவிட்டு, மறுநாள் மத்தியானம்தான் பஸ் ஏறினேன்.