கேரம் போர்டு மேல் ஒரு விநாடிக்கு எத்தனை ஃபோட்டான் விழுகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு கேரம் கிளப் இருக்கிறது. சின்ன அறை, ஒரு போர்டு, அதற்கு நேர் மேலே குடை போட்ட 9 வாட் எல்இடி பல்பு. போன வாரம் அங்கே ஆடிக்கொண்டிருந்த பிளஸ் டூ பையன் ஒருவன் பவுடரைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "அண்ணா, இந்த லைட்ல இருந்து போர்டு மேல எத்தனை ஃபோட்டான் விழுதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். ஒளி சின்னச் சின்னத் துகள்களாகத்தான் வருகிறது, அதில் ஒரு துகள்தான் ஒரு ஃபோட்டான். வகுக்கத் தெரிந்தால் போதும். ஆனால் எந்த எண்ணை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள், அதனால் அந்த இடங்களில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போகலாம்.

முதல் படி: ஒரு ஃபோட்டானிடம் எவ்வளவு ஆற்றல்?

பிளாங்க் மாறிலியை (6.626 × 10⁻³⁴) ஒளியின் வேகத்தால் (2.998 × 10⁸) பெருக்கி, வருவதை அலைநீளத்தால் வகுக்க வேண்டும். மேலே உள்ள பெருக்கல் எப்போதும் 1.986 × 10⁻²⁵ தான், நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர், அதாவது 5.5 × 10⁻⁷ மீட்டர். வகுத்தால் 3.61 × 10⁻¹⁹ ஜூல். நீலத்துக்கு (450) இதுவே 4.41, சிவப்புக்கு (650) 3.06. அதாவது நீல ஃபோட்டான் கனமான நோட்டு, சிவப்பு ஃபோட்டான் சில்லறை. ஒரே தொகையைச் சிவப்பில் கொடுத்தால் எண்ணிக்கை கூடும்.

நம் பல்பு வெள்ளையாயிற்றே என்றால், வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல ஒளி விடும் சில்லும் அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பரும் (நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சு). எல்லா நிறமும் கலந்து வருவதால் நடுவாக 550 என்று வைத்துக்கொள்வோம். விடை சற்று முன்பின் இருக்கும், தொடங்குபவருக்கு அது போதும்.

இரண்டாவது படி: ஒளிச்செறிவு

பல்பின் மேல் அச்சடித்திருக்கும் 9 வாட்டை எடுத்துக் கணக்கில் போடாதீர்கள்! அது பல்பு இழுக்கும் மின்சாரம். அதில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும், மிச்ச ஒளியிலும் பாதிக்கு மேல் போர்டுக்கு வெளியே சிதறும். நமக்கு வேண்டியது போர்டின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் ஒளி விழுகிறது என்பது.

அதற்குப் போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, திரை மேலே பார்க்கும்படி போனைப் போர்டில் படுக்க வையுங்கள். நடுவில் ஒருமுறை, நான்கு மூலையிலும் ஒவ்வொரு முறை அளந்து சராசரி எடுங்கள். 500 லக்ஸ் வருகிறது என்று கொள்வோம்.

லக்ஸ் என்பது வாட் இல்லை, நம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகப் படுகிறது என்ற அளவு. கண்ணுக்குப் படும் ஒளியை லூமெனில் அளப்பார்கள், ஒரு சதுர மீட்டரில் 1 லூமென் விழுந்தால் அது 1 லக்ஸ். 555 நானோமீட்டர் பச்சைக்கு மட்டும் 1 வாட்டுக்கு 683 லூமென். நிறைய பேர் இந்த 683-ஐ வெள்ளை ஒளிக்கும் போட்டுவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் விடை பாதிக்கும் கீழே போய்விடும். வெள்ளை எல்இடி ஒளிக்கு 1 வாட்டுக்குச் சுமார் 300 லூமென் என்று எடுப்பது சரியாக இருக்கும். 500 ÷ 300 = 1.67 வாட், ஒரு சதுர மீட்டருக்கு.

மூன்றாவது படி: பரப்பு

போர்டின் ஆடும் பகுதி 74 சென்டிமீட்டர் சதுரம். 0.74 × 0.74 = 0.5476 சதுர மீட்டர். 1.67-ஆல் பெருக்கினால் 0.91 வாட். பாருங்கள், 9 வாட்டில் பத்தில் ஒரு பங்குதான் போர்டுக்கு வந்து சேருகிறது.

நான்காவது படி: வகுத்தல்

1 வாட் என்றால் விநாடிக்கு 1 ஜூல், அதனால் வாட்டை ஒரு ஃபோட்டானின் ஆற்றலால் வகுத்தால் போதும். 0.91 ÷ (3.61 × 10⁻¹⁹) = 2.5 × 10¹⁸. விநாடிக்கு 25,000 கோடி கோடி ஃபோட்டான்கள்!

சரி, நடுவில் வைத்த ரெட் காயின் மேல் மட்டும் எவ்வளவு? விட்டம் சுமார் 3.1 சென்டிமீட்டர், ஆரம் 1.55, பரப்பு 7.55 சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டராக்க 10,000-ஆல் வகுக்க வேண்டும், 100-ஆல் இல்லை. டியூஷனில் நான் அதிகம் திருத்துவது இந்த ஒரு தவறைத்தான். 7.55 × 10⁻⁴ × 1.67 = 0.00126 வாட். வகுத்தால் 3.5 × 10¹⁵, அதாவது விநாடிக்கு 35 கோடி கோடி.

ஒளி சாய்ந்து விழுந்தால்?

செங்குத்தாக விழுந்தால் கிடைக்கும் எண்ணிக்கையைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்குங்கள். கோணத்தைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது, பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து எடுக்க வேண்டும். காசிமேட்டில் மொட்டைமாடியில் கருவாடு காயப்போட்டிருக்கும் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், கொசைன் 1. டிசம்பர் 21 வாக்கில் நண்பகலிலேயே சூரியன் 36.5 டிகிரி சாய்ந்திருக்கும், கொசைன் 0.80. அதே வலுவுள்ள வெயில் என்றாலும் பாயின் மேல் விழும் ஃபோட்டான்களில் ஐந்தில் ஒன்று குறைந்துவிடும்.