ஐரோப்பாவில் வழிபாட்டுத் தலங்களுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஐரோப்பா சுற்றுலா போய் வந்தவர்களிடம் அங்கே பார்த்த தேவாலயங்களைப் பற்றிக் கேட்டால் பலர் சொல்லும் பதில் இதுதான்: "நாலு சர்ச் பார்த்ததுக்கு அப்புறம் எல்லாம் ஒரே மாதிரி ஆயிடுச்சு." கட்டடங்கள் மேல் குற்றமில்லை. இன்று ரோம், நாளை ஃப்ளாரன்ஸ், மறுநாள் வெனிஸ் என்று பஸ் ஓடினால் ஓர் ஆலயத்துக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதிலும் பாதி, பை சோதனை செய்யும் வரிசையிலேயே கரைந்துவிடும்.

நம் ஊரில் கோயிலுக்குக் கிளம்பும்போது நடை எப்போது திறக்கும், எப்போது சாத்துவார்கள், எந்தக் கால பூஜைக்குப் போகலாம் என்று விசாரிக்காமல் யாரும் புறப்படுவதில்லை. ஐரோப்பாவுக்குப் போகும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுகிறோம். எந்த ஆலயம் என்பதைவிட எந்த நேரம் என்பது முக்கியம். ஓர் ஊரில் ஓர் ஆலயம் பார்த்தாலும் போதும், அதைச் சரியான வேளையில் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் இதைக் கவனிக்காததால் வருபவைதான்.

வெளிச்சத்தைப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பது

பாரிஸின் செயின்ட் ஷாப்பெல் இதற்கு நல்ல உதாரணம். இயேசுவின் முள்முடி என்று நம்பப்பட்ட புனிதப் பொருளை வைப்பதற்காக மன்னர் ஒன்பதாம் லூயி கட்டியது, 1248இல் அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் தாழ்வான கூரையோடு ஒரு சிற்றாலயம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் "இதற்கா இவ்வளவு வரிசை?" என்று தோன்றும். பிறகு குறுகலான சுழல் படிக்கட்டில் ஏறி மேலே போனால் சுவரே இல்லை. தரைக்குச் சற்று மேலிருந்து கூரை வரைக்கும் 15 ஜன்னல்கள், எல்லாம் வண்ணக் கண்ணாடி. பைபிளின் ஆதியாகமத்தில் தொடங்கி 1,113 காட்சிகள். வெயில் நன்றாக அடித்தால் தூண்கள் மேலும், நிற்பவர்களின் சட்டை மேலும் நீலமும் சிவப்பும் விழும். இதே இடத்துக்கு மழை மேகம் மூடிய மாலையில் போனால் மங்கலான கண்ணாடிகளைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வருவீர்கள். அதனால் பாரிஸில் இரண்டு மூன்று நாள் இருப்பவர்கள் வானிலையைப் பார்த்து, வெயில் வரும் நாளின் பகல் வேளையை இதற்கு ஒதுக்குங்கள். இன்னொரு விஷயம்: இந்த ஆலயம் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. சோதனை கடுமையாக இருக்கும். கத்தரிக்கோல், பழம் வெட்டும் சின்னக் கத்தி எதுவும் பையில் வேண்டாம்.

பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்திலும் இதே கதைதான். 1882இல் தொடங்கிய கட்டுமானம், அடுத்த வருடமே கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதியின் கைக்கு வந்தது. 1926இல் அவர் இறந்த பிறகும் பணி தொடர்ந்தது. கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையுமாகவும், மேற்குப் பக்கம் ஆரஞ்சும் சிவப்புமாகவும் அமைந்திருக்கின்றன. காலை ஒன்பது பத்து மணிக்குப் போனால் ஓர் ஆலயம், மாலைச் சூரியன் சாயும்போது போனால் வேறோர் ஆலயம். நடுப்பகலில் போனால் இரண்டுமே முழுதாகக் கிடைக்காது. டிக்கெட் ஆன்லைனில்தான், குறிப்பிட்ட நேரத்துக்குத்தான். நல்ல நேரங்கள் முன்கூட்டியே தீர்ந்துவிடும் என்பதால் விமான டிக்கெட் போட்ட கையோடு இதையும் போட்டுவிடுவது நல்லது.

பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் ஷார்த்ர் பேராலயத்தில் நேரம் மட்டுமல்ல, கிழமையும் பார்க்க வேண்டும். அங்கே தரையில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள வட்டப் புதிர்ப்பாதை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. பிரார்த்தித்தபடி மெல்ல அதில் நடந்து நடுவை அடைய வேண்டும். மற்ற நாட்களில் அதன் மேல் நாற்காலி போட்டுவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் தொடங்கி நவம்பர் முதல் தேதி வரை வரும் வெள்ளிக்கிழமைகளில்தான் நாற்காலிகளை எடுத்து வழிவிடுகிறார்கள். சனிக்கிழமை போய் நின்று ஏமாறுபவர்கள் நிறைய.

இலவசமானதுக்குக் காசு கொடுப்பது

2019 ஏப்ரலில் தீப்பிடித்த பாரிஸின் நோத்ர் தாம் பேராலயம், 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே போக ஒரு யூரோகூட வேண்டாம். முன்பதிவும் இலவசம், அது கட்டாயமும் இல்லை. ஆனாலும் இணையத்தில் "நோத்ர் தாம் நுழைவுச்சீட்டு" என்று விற்கிற தளங்களுக்குக் குறைவில்லை. வாடிகனின் புனித பேதுரு பேராலயத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, குவிமாடம் ஏறத்தான் கட்டணம். எங்கே போவதானாலும் அந்த ஆலயத்தின் சொந்த இணையதளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

பழைய தகவலை நம்பிப் போவதும் சிக்கல்தான். ரோமின் பாந்தியன் வெகுகாலம் இலவசமாக இருந்தது, 2023 ஜூலையிலிருந்து கட்டணம் வாங்குகிறார்கள். அருங்காட்சியகமாக இருந்த இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியா 2020இல் மறுபடியும் மசூதியானது. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டணமும் உண்டு, அவர்கள் மேல்மாடத்தை மட்டுமே பார்க்க முடியும். கீழ்த்தளம் தொழுகைக்கானது. ஐந்து வருடத்துக்கு முன் போன உறவினரின் அனுபவத்தை வைத்துத் திட்டம் போட்டால் வாசலில் சங்கடம்தான் மிஞ்சும்.

வழிபாட்டு நேரத்தைத் தவிர்ப்பது

"பூசை நடக்கும்போது போனா சுத்திப் பாக்க விட மாட்டாங்க" என்று நினைத்துப் பலரும் வழிபாட்டு நேரத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அது அப்போதுதான் நடக்கும். கல்லும் குரலும் சேரும்போது என்ன ஆகிறது என்று கேட்காமல் வருவது பெரிய இழப்பு.

இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பேராலயங்களில் பாடகர் குழுவோடு நடக்கும் மாலை ஆராதனைக்குக் கட்டணம் இல்லை. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் சுற்றுலாப் பயணிகளுக்கான டிக்கெட் விலை கையைக் கடிக்கும், ஆராதனைக்கு வருபவர்களிடமோ காசு கேட்பதில்லை. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் இதைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். 1446இல் தொடங்கி 1515இல் கட்டி முடித்த ஆலயம் அது. விசிறி விசிறியாக விரியும் கல் கூரை, உலகிலேயே அந்த வகையில் பெரியது. மாலையில் ஜன்னல்கள் இருட்டத் தொடங்கும்போது சிறுவர்களின் குரல் மேலே எழும்பிக் கூரையில் கொஞ்ச நேரம் தங்கும். வரி முடிந்த பிறகும் ஒலி முடியாது. அந்த ஓரிரு விநாடிக்காகவே அடுத்த வரியைத் தொடங்காமல் காத்திருப்பார்கள். மொழி, மதம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்காருங்கள். கை தட்டாதீர்கள், நடுவில் எழுந்து போகாதீர்கள். கல்லூரி விடுமுறையில் அந்தக் குழு இருக்காது, எனவே கோடையில் போகிறவர்கள் அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்தில் துறவிகள் மாலைச் செபம் முடிந்ததும் வரிசையாக நடந்து வந்து, கறுப்பு மாதா சிற்றாலயத்தின் முன் நின்று 'சால்வே ரெஜினா' என்ற மாதா துதிப்பாடலைப் பாடுகிறார்கள். தினமும் நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஈழத் தமிழர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம், அவர்களில் சைவர்களும் உண்டு.

நற்கருணையைப் பிரசாதம் போல வாங்குவது

நம்மவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வேளாங்கண்ணிக்குப் போகிற இந்துக் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். மெழுகுவர்த்தி ஏற்றுவோம், நேர்ந்துகொள்வோம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஜெர்மனியில் கேவலார் என்ற மாதா தலத்துக்கு ஆகஸ்டில் தமிழர் யாத்திரை நாளன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், அவர்களில் இந்துக்களும் கணிசம். இத்தனைக்கும் அங்கே வணங்கப்படுவது உள்ளங்கையளவுள்ள, காகிதத்தில் அச்சான ஒரு மாதா படம். அதன் முன் கண்ணீரோடு நிற்கிறவரிடம் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் திருப்பலி என்னும் பூசையில் எல்லோரும் எழுந்து வரிசையாகப் போய் நற்கருணை எனப்படும் அப்பத்தை வாங்கும்போது கூடவே போய்க் கை நீட்டுவது வேறு. கத்தோலிக்கருக்கு அது கிறிஸ்துவின் உடல். திருமுழுக்குப் பெற்று, தயாரிப்போடு வருகிற கத்தோலிக்கர்தான் அதை வாங்கலாம். தெரியாமல் வாங்கிக் கைக்குட்டையில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போக நினைத்தால் அங்கிருப்பவர்கள் பதறிப்போவார்கள். அந்த நேரத்தில் இருக்கையிலேயே இருந்துவிடுங்கள். பல நாடுகளில் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போனால் குருவானவர் ஆசி மட்டும் கொடுத்து அனுப்புவார். கிரீஸ் போன்ற நாடுகளில் உள்ள ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் இந்த விதி இன்னும் கண்டிப்பானது. ஆனால் வழிபாடு முடிந்ததும் மந்திரித்த ரொட்டித் துண்டுகளைத் தருவார்கள், பல இடங்களில் அதை வெளியாரும் வாங்கிக்கொள்ளலாம்.

மெழுகுவர்த்தி ஏற்ற எந்தத் தடையும் இல்லை. பக்கத்தில் இருக்கும் பெட்டியில் அதற்கான காசைப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். பீடத்தைச் சுற்றி வர வேண்டும் என்று கயிற்றைத் தாண்டாதீர்கள்.

தலை, தோள், கால்

உடை விஷயத்தில் நமக்குச் சிரமம் குறைவு. புடவை, சுடிதார் எல்லாம் பிரச்சினையில்லை. மாட்டிக்கொள்வது கோடையில் ஷார்ட்ஸ் போட்ட ஆண்களும், கையில்லா மேல்சட்டை போட்டவர்களும்தான். புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வரிசையின் முடிவில் திருப்பி அனுப்புவார்கள். ஒரு மெல்லிய சால்வையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிரீஸின் மெத்தியோரா மடங்களில் பெண்கள் பேன்ட் போட்டிருந்தாலும் மேலே சுற்றிக்கொள்ளத் துணி கொடுப்பார்கள். ஆறு மடங்களும் வாரத்தில் வெவ்வேறு நாட்களில் மூடுகின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்தில் செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். மசூதியில் செருப்பைக் கழற்ற வேண்டும், பெண்கள் தலையை மூட வேண்டும். யூத ஆலயத்தில் ஆண்கள் தலையை மூட வேண்டும், வாசலிலேயே குல்லா கிடைக்கும்.

யூத ஆலயத்துக்கு வார இறுதியில் போவது

புதாபெஸ்டின் டோஹானி தெரு ஆலயம் ஐரோப்பாவிலேயே பெரிய யூத ஆலயம், 1859இல் திறக்கப்பட்டது. சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். வெள்ளிக்கிழமையும் சீக்கிரமே மூடிவிடுவார்கள். வார இறுதிக்கு மட்டும் அங்கே போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உள்ளே பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒட்டியிருக்கும் தோட்டம் உண்மையில் கல்லறை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில் பசியாலும் குளிராலும் செத்த சுமார் 2,000 பேரை அங்கேதான் புதைத்தார்கள். பின்னால் உலோகத்தில் ஓர் அழுகை வில்லோ மரம் நிற்கிறது. அதன் இலைகளில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கிட்டப் போய்ப் படியுங்கள். சிரித்தபடி செல்ஃபி எடுக்கும் இடம் அது இல்லை. புகைப்படத்தைப் பொறுத்தவரை எங்கேயும் என் விதி ஒன்றுதான்: பிரார்த்திக்கிறவர் முகத்தைப் படமெடுக்கக் கூடாது. வாடிகனின் சிஸ்டின் சிற்றாலயத்தில் படமெடுக்கவே அனுமதியில்லை.

பெரிய பெயர்களோடு நிறுத்திக்கொள்வது

ரோமில் பியாட்சா நவோனாவுக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி என்றோர் ஆலயம். நுழைவுக் கட்டணம் இல்லை. இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோ இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று ஓவியங்கள் இருக்கின்றன. வந்த முதல் நிமிடம் இருட்டில் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் இருக்கும் பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். இருட்டறையில் சுங்கக் காசு எண்ணிக்கொண்டிருக்கிற மத்தேயுவை நோக்கி இயேசு கையை நீட்டுவார், அந்தக் கையோடு வெளிச்சமும் உள்ளே வரும். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்துவிடும், யாராவது மறுபடி நாணயம் போட வேண்டும். இத்தாலியில் இப்படிச் சின்ன ஆலயங்கள் பலவற்றில் உண்டு, அதனால் ஒரு யூரோ, ஐம்பது சென்ட் நாணயங்களை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆலயங்களில் பல மதியம் மூடிவிட்டுப் பிற்பகலில்தான் மறுபடி திறக்கும். காலையில் முதலில் இவற்றைப் பார்த்துவிட்டு, மதியம் மூடாத பெரிய பேராலயங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போகலாம்.