சிம்மை மாற்றும் முன் அடுக்களையில் டவர் கிடைக்கிறதா பாருங்கள்

போன் அடித்தால் எங்கள் அம்மா கொல்லைப்புறத்துக்கு ஓடுவார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றால்தான் பேச்சு விட்டு விட்டாவது கேட்கும். கடைக்காரர் சொன்ன ஆஃபரை நம்பி நான் வாங்கிக் கொடுத்த சிம் அது. ஒரு மழைக்காலம் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டே பேசினார். அப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்தது. முதல் தடவையாக சிம் கம்பெனி தேர்ந்தெடுப்பவர்களுக்காக, நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கையில் இருக்கும் போனைப் பாருங்கள்

ஸ்மார்ட்போன் என்றால் அடுத்த படிக்குப் போய்விடலாம். பழைய பட்டன் போன் என்றால் நில்லுங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது. பேச்சும் 4ஜி வழியாகவே போகிறது. அதனால் 2ஜி பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது, 4ஜி உள்ள போன் வேண்டும். ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) இரண்டிலும் 2ஜி ஓடுகிறது.

படி 2: இரவல் போனில் சோதனை

முக்கியமான வேலை இதுதான். கம்பெனிகளின் இணையதளத்தில் எந்தத் தெருவில் 4ஜி, எங்கே 5ஜி என்று வரைபடம் இருக்கும். பாருங்கள், தப்பில்லை. ஆனால் அது தெருவுக்குத்தான். கான்கிரீட் கூரைக்குக் கீழே, இரண்டு சுவர் தாண்டி இருக்கும் அடுக்களையின் கதை வேறு.

வெவ்வேறு சிம் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வரும்போது ஐந்து நிமிடம் போனை இரவல் கேளுங்கள். நீங்கள் வழக்கமாகப் பேசும் இடத்தில் நின்று, இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள், எல்லாரும் வீடியோ பார்க்கிற நேரத்தில், ஒரு கால் போடுங்கள். திரையில் எத்தனை கோடு என்பதை விட, எதிராளி "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறாரா என்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் மூன்று போன்களில் சோதித்தோம். கடைசியில் தெளிவாகக் கேட்டது பால்காரர் அண்ணன் போனில்தான்! வேலைக்குப் போகும் இடத்திலும் இதையே ஒருமுறை செய்துவிடுங்கள்.

படி 3: நாள் கணக்குப் போடுங்கள்

பல பேக்குகள் மாதம் என்ற பெயரில் 28 நாள்தான் வரும். 28ஐ 13ஆல் பெருக்கினால் 364. ஆக, வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். விலையை நாளால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும். நெட்டே வேண்டாம் என்கிற பெரியவர்களுக்கு, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையில் அதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

படி 4: எண் மாறாமல் போர்ட் போடுவது

இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் 'PORT' என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு பதிலாக வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள்தான் செல்லும். அதற்குள் ஆதாரோடு புதுக் கம்பெனிக் கடைக்குப் போய்க் கொடுத்தால் புது சிம் தருவார்கள். அதே வட்டாரத்துக்குள் மாறினால் மூன்று வேலை நாள், வேறு மாநிலத்து எண் என்றால் ஐந்து.

பழைய சிம்மில் டவர் போனதும் புது சிம்மைப் போடுங்கள். நடுவில் சில மணி நேரம் போன் ஊமையாக இருக்கும். பேங்க் ஓடிபி தேவைப்படும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய சிம்மில் இருக்கும் பேலன்ஸும் மிச்ச நாளும் கூட வராது. அதனால் வேலிடிட்டி தீர ஒரு வாரம் இருக்கும்போது தொடங்குவது நல்லது. மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால் மறுபடி 90 நாள் காத்திருக்க வேண்டும். இரவல் போன் சோதனையை நான் இவ்வளவு இழுத்துச் சொன்னது அதனால்தான்.

அம்மா இப்போது கடுகு தாளித்துக்கொண்டே பேசுகிறார். "அங்கே என்னடி வெடிக்குது?" என்று பெரியம்மாதான் அந்தப் பக்கம் பதறுகிறார்.