ஜோடியாகக் குறி சுடப் போகிறீர்களா? முதலில் கண்ணைச் சோதியுங்கள்

கணவனும் மனைவியும் சேர்ந்து திறந்தவெளி ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவது அருமையான பொழுதுபோக்கு. ஆனால் ஒருவருக்குப் பொருந்தும் முறை மற்றவருக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். இருவருக்கும் ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண், வேறாக இருக்கலாம்.

கண்டுபிடிப்பது எளிது. கைகளை நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் உள்ள ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடது கண்ணாக அமைவதும் உண்டு. புதிதாகக் கற்பவர் என்றால், அந்தக் கண் இருக்கும் பக்கத்துத் தோளிலேயே துப்பாக்கியை வைத்துப் பழகுவது நல்லது என்பேன்.

ஒருவர் சுடும்போது மற்றவர் பின்னால் நின்று, மூச்சையும் விசை இழுக்கும் விதத்தையும் கவனித்துச் சொல்லலாம். ஜோடியாகப் போவதில் பெரிய லாபமே இதுதான். அப்புறம், பேச்சு சுவாரசியத்தில் துப்பாக்கியோடு திரும்பிவிடக் கூடாது. விசையிலிருந்து விரலை எடுத்து, குண்டுகளை அகற்றி, குழல் குறிப்பலகைப் பக்கமே இருக்கும்படி கீழே வைத்த பிறகு பேசுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கும் கட்டாயம்.