பினாங்கில் சட்டமன்ற வேட்பாளராக நிற்பவர் கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூரில் குடியிருந்துகொண்டே சட்டமன்ற உறுப்பினராக ஆசைப்படும் நண்பர்கள் அவ்வப்போது என்னிடம் வழி கேட்பதுண்டு. கோலாலம்பூர் ஒரு கூட்டரசுப் பிரதேசம், அதற்குச் சட்டமன்றமே கிடையாது. கோலாலம்பூரில் இருப்பவை 11 நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டுமே. நாடாளுமன்றத் தேர்தலில் நாட்டின் எந்த மூலையில் வசிக்கும் குடிமகனும் எந்தத் தொகுதியிலும் நிற்கலாம். சட்டமன்றத்துக்கு நிற்பவரோ அந்த மாநிலத்திலேயே வசிப்பவராக இருக்க வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை. ஆகவே பினாங்கின் 40 தொகுதிகளில் ஒன்றின் மீது கண் வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தம் சொந்த வீட்டு முகவரியைத்தான்.

அடுத்தது தகுதியிழப்பு. திவாலாகி அதிலிருந்து விடுவிக்கப்படாதவரும், ஊதியம் தரும் அரசுப் பதவியில் இருப்பவரும் நிற்க முடியாது என்பது பலருக்குத் தெரியும். ஓராண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனையோ 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்றவரும் தகுதியிழக்கிறார் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘குறையாத’ என்ற அந்தச் சொல்லை ஊன்றிப் படிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கோலாலம்பூரின் ‘பத்து’ (Batu) என்ற நாடாளுமன்றத் தொகுதியில் தியான் சுவாவின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது, அவருக்குச் சரியாக 2,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டிருந்ததால்தான். அன்று சுயேச்சையாக மனு கொடுத்திருந்த 22 வயதுச் சட்ட மாணவர் பிரபாகரன், தியான் சுவாவின் கட்சி ஆதரவு தர, அந்தத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். பழைய வழக்கு, பழைய அபராதச் சீட்டு என எது இருந்தாலும் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது. எதிரணியினர் அதைத் தேடி எடுக்காமல் விடமாட்டார்கள்.

கட்சியா சுயேச்சையா என்ற கேள்வியில் நான் நீட்டி முழக்கப்போவதில்லை. 2023 ஆகஸ்ட் 12 அன்று நடந்த பினாங்குத் தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் 27 இடங்களையும், பெரிக்காத்தான் நேஷனல் 11 இடங்களையும், பாரிசான் நேஷனல் 2 இடங்களையும் பிடித்தன. கூட்டிப் பார்த்தால் 40 வந்துவிடும். சுயேச்சைக்கு மிச்சம் ஏதும் இல்லை. அதே நேரம், கட்சியின் வாய்ப்பு எவருக்கும் எழுதிக் கொடுத்த சொத்து அல்ல. 2008 முதல் பிறைத் தொகுதியைத் தக்கவைத்து, இரண்டாம் துணை முதல்வராகவும் இருந்த பேராசிரியர் பி. இராமசாமிக்கு 2023இல் கட்சி இடம் தரவில்லை. அறிவிப்பு வந்தபோது வேட்புமனு நாளுக்கு அதிக நாட்கள் இருக்கவில்லை. கட்சி வேட்பாளராக நிற்பவர், சின்னத்தைப் பயன்படுத்தக் கட்சி தரும் அனுமதிக் கடிதம் தம் கைக்கு வரும்வரை பதாகை அச்சடிக்க முன்பணம் கொடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

இனி வேட்புமனுத் தாள்கள். என் அனுபவத்தில் இதைவிட முக்கியமான கட்டம் வேறில்லை. முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு தேர்தலில் நண்பர் ஒருவருக்காகத் தாள்களைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அவருக்கு முன்மொழிய வந்தவர் பிறையில் பத்தாண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவர். தாமானில் அவரை அறியாதவர் இல்லை. வேட்புமனு நாளுக்கு இரண்டு நாள் முன்பு, இரவில், தேர்தல் ஆணையத்தின் இணையத் தளத்தில் அவருடைய அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தபோது அவர் பெயர் பாகான் டாலாம் என்ற வேறு தொகுதியில் கிடந்தது. வீடு மாறிய பிறகும் அடையாள அட்டையில் முகவரியை அவர் மாற்றவே இல்லை. “அண்ணே, பத்து வருசமா இங்கதான இருக்கேன்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டியலுக்கு அது தெரியாதே. அன்றிரவே வேறொருவரைத் தேடி, மறுநாள் காலை புதுத் தாளில் கையெழுத்து வாங்கினோம். அன்று முதல், யார் முன்மொழிய வந்தாலும் அட்டை எண்ணை வாங்கிப் பட்டியலில் பார்த்த பிறகுதான் தேநீருக்கே சொல்வது என் வழக்கம்.

பெயரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நம்மவர்கள் பெயரில் மகன் என்று பொருள்படும் ‘அனாக் லெலாக்கி’ என்பதற்கான சுருக்கமும் தகப்பனார் பெயரும் சேர்ந்தே வருவதால், அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயருக்கும் பத்திரிகையில் வரும் பெயருக்கும் அந்தத் தாளில் இடமில்லை. தகுதி குறித்த உறுதிமொழிப் பத்திரத்தில் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். நிரப்பிய தாள்களைத் தேர்தல் ஆணையத்தின் மாநில அலுவலகத்தில் முன்கூட்டியே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். கூச்சப்படாமல் இந்த வசதியைப் பயன்படுத்துங்கள்.

பணக் கணக்கு இது: சட்டமன்ற வேட்பாளருக்கு வைப்புத் தொகை 5,000 வெள்ளி, பிரசாரப் பொருட்களுக்கான வைப்பு 3,000 வெள்ளி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் எட்டில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால் முதல் தொகை பறிபோகும். 20,000 வாக்குகள் பதிவானால் 2,500 என்பதுதான் அந்தக் கோடு. தேர்தல் குற்றச் சட்டம் 1954இன்படி சட்டமன்ற வேட்பாளரின் செலவு 100,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது.

வேட்புமனு நாளன்று மனுக்களைப் பெறும் நேரம் காலை 9 முதல் 10 வரை, ஒரு மணி நேரம்தான். 2018இல் நெகிரி செம்பிலான் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் டாக்டர் ஸ்ரீராம், ஆணையத்தின் நுழைவு அனுமதி அட்டை இல்லை என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டார். எதிர் வேட்பாளர் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது, கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 ஏப்ரல் 13 அன்று இடைத்தேர்தல் நடந்தது. அதில் டாக்டர் ஸ்ரீராம் தோற்றார். நீதி கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை. எனவே ஊர்வலம், மேளதாளம் எல்லாவற்றையும் ஆதரவாளர்களிடம் விட்டுவிட்டு, வேட்பாளரும் முன்மொழிபவரும் வழிமொழிபவரும் தாள்களோடு 9 மணிக்கு முன்பே வாசலில் நிற்க வேண்டும்.

பிரசாரம் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு, நான் இரண்டு மட்டும் சொல்கிறேன். முதலாவது, எதற்கு வாக்குறுதி தரலாம் என்பது. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில், கல்வி கூட்டரசின் கையில். கோயில் நிலப் பட்டா பற்றிக் கேட்பவருக்குச் சட்டமன்ற வேட்பாளர் நேரடியாகப் பதில் சொல்லலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பற்றாக்குறையைத் தாமே தீர்ப்பதாகச் சொல்வது பொய்யாகிவிடும். இரண்டாவது, அன்னதானம். வாக்காளரைத் தம் பக்கம் இழுக்கும் நோக்கில் உணவும் பானமும் கொடுப்பது சட்டப்படி குற்றம். ஆலய நிர்வாகம் அழைத்தால் போய் வணங்கிவிட்டு வரலாம். உபயக்காரர் பலகையில் வேட்பாளரின் பெயர் ஏறக்கூடாது.

வாக்களிப்பு நாளுக்கு வாக்களிப்பையும் எண்ணிக்கையையும் கண்காணிக்க ‘பாக்கா’ என்று நாம் அழைக்கும் முகவர்கள் தேவை. உணவு, ஓய்வு, மாற்றாள் எல்லாவற்றையும் எண்ணி ஒவ்வொரு வாக்களிப்பு வரிசைக்கும் ஆள் வைக்க வேண்டும். எண்ணிக்கை முடிந்ததும் வாக்கு எண்ணிக்கை விவரம் அடங்கிய 14ஆம் படிவத்தின் நகலை வாங்காமல் முகவர் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. பின்னாளில் எண்கள் பற்றிச் சர்ச்சை வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

தோற்றவர் பலரும் அன்றிரவே கடையைக் கட்டிவிடுகிறார்கள். பதாகைகளையும் கொடிகளையும் 14 நாட்களுக்குள் அகற்றினால்தான் அந்த 3,000 வெள்ளி திரும்பும். முடிவு அரசிதழில் வெளியானதிலிருந்து 31 நாட்களுக்குள் வென்றவர், தோற்றவர் இருவருமே செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவர் அடுத்த தேர்தலில் நிற்கும் தகுதியை இழக்க நேரிடும். ஆகவே வேட்புமனு நாளிலிருந்தே தேர்தல் முகவரிடம் ஒரு உறையைக் கொடுத்து, ஒட்டுக்கடை ரசீதுவரை அதில் போடச் சொல்லுங்கள்.